ஒரே சுண்டல்தான், வாயு மட்டும் ஏன் வேறு வேறு?

கேள்வி: என் வயது 48. பல வருடங்களாக மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனையில் மீத்தேன் 32 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 32 பங்கு) என்று வந்திருக்கிறது. சாண எரிவாயு என் வயிற்றுக்குள் எப்படி வந்தது? அதே சாப்பாட்டைச் சாப்பிடும் என் மனைவிக்கு உப்புசம் இல்லை. ஆனால் வாயு பிரிந்தால் அழுகிய முட்டை நாற்றம். பயறு வகைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பயறு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சாண எரிவாயுக் கலனைப் போலவே உங்கள் பெருங்குடலிலும் ஆக்சிஜன் கிடையாது. நம் செல்கள் உணவை எரிக்கும்போது கழலும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜன்தான் வாங்கிக்கொள்கிறது. மூச்சு இழுப்பதே அதற்காகத்தான். பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி இல்லை. சுண்டலில் செரிக்காமல் மிஞ்சும் சர்க்கரைகளை அவை நொதிக்கவைக்கும்போது சேரும் எலெக்ட்ரான்களில் ஒரு பகுதியை ஹைட்ரஜன் வாயுவாக்கி வெளியே தள்ளுகின்றன. அது அங்கேயே தேங்கினால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். யாராவது அதை அப்புறப்படுத்த வேண்டும்.

அந்த ஹைட்ரஜனுக்குத்தான் உள்ளே போட்டி. மெத்தனோஜென்கள் நான்கு பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு கரியமில வாயுவைச் சேர்த்து ஒரு பங்கு மீத்தேன் ஆக்கும். (இவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு.) டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் அதே ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்களைச் சல்பேட் என்ற கந்தகச் சேர்மத்துக்குக் கொடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். முட்டை நாற்றம் அதுதான். இன்னொரு கூட்டம் அசிட்டேட் செய்கிறது, அது நம் உடம்புக்கே எரிபொருள். சல்பேட் தாராளமாகக் கிடைத்தால் பொதுவாகச் சல்பேட் கூட்டம் முந்திக்கொள்ளும், ஏனென்றால் மிகக் குறைந்த ஹைட்ரஜனையும் அவற்றால் பிடிக்க முடியும். குடலில் சல்பேட் அளவோடுதான் இருக்கிறது. அதனால் யார் கை ஓங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வீட்டிலும் அதுவாக இருக்கலாம். முட்டை, இறைச்சிப் புரதத்திலிருந்தும் அந்த நாற்றம் நேரடியாக வரும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியவந்த விதம் எனக்குப் பிடித்த கதை. சாராயத்தை மீத்தேனாக்கும் ஒரே உயிர் என்று வெகுகாலம் நம்பிய ஒரு கிருமி, 1967இல் பார்த்தால் இரண்டு உயிர்கள்! ஒன்று ஹைட்ரஜனை விட, மற்றது வாங்கிக்கொண்டிருந்தது.

சரி, ஐந்து பங்கு வாயு ஒரு பங்காகச் சுருங்கினால் உப்புசம் குறையத்தானே வேண்டும்? ஆனால் மீத்தேன் குடலின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. 2006இல் வெளியான ஆய்வில் நாய்களின் சிறுகுடலில் மீத்தேனைச் செலுத்தியபோது இது தெரிந்தது. ஓட்டம் மந்தமானால் மெதுவாக வளரும் மெத்தனோஜென்களுக்குக் கொண்டாட்டம். எது முதலில் தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மூச்சில் மீத்தேன் 10 பி.பி.எம்.மைத் தாண்டினால் மெத்தனோஜென்கள் அதிகம் என்று கணக்கு. ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் மீத்தேன் வரும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், உங்கள் வயதில் மலச்சிக்கலுக்குத் தைராய்டு, சர்க்கரை, கால்சியம் பார்த்தாயிற்றா என்பது. இரும்புச்சத்து மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, சமீபத்தில் மாறிய மலப் பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கொலனோஸ்கோப்பியை (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போடாதீர்கள்.

பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். இப்போதைக்குப் பாதி அளவு போதும், அப்புறம் மெல்லக் கூட்டலாம். மலம் இளகப் பாலிஎத்திலீன் கிளைகால் தூள் உதவும். மீத்தேனுக்கு ரிஃபாக்சிமின், நியோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. நியோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது, எனவே குடல் மருத்துவர் எழுதித் தராமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். உங்கள் மனைவிக்கு வயிற்றுப்போக்கோ வலியோ இல்லையென்றால் மருந்தே வேண்டாம்.