கரும்பும் பேய்க்கரும்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோயம்புத்தூர் கரும்பு ரகங்களைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பை வாசித்தேன். நன்றியோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த நன்றி வரவில்லை. என் தாத்தா காலத்துக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்னலாம் என்பார்கள். இன்று எங்கள் வயலில் நிற்கும் ஆலைக்கரும்பைக் கடித்தால் ஈறு கிழிகிறது. இனிப்பையும் மென்மையையும் தொலைத்துவிட்டு டன் கணக்கை மட்டும் பெருக்கியிருக்கிறோம். அந்த டன்னும் யூரியாவும் மோட்டாரும் கொடுத்ததுதானே? ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் என்ன பங்கு?

இன்னொன்று. எங்கள் வாய்க்கால் கரையில் பேய்க்கரும்பு மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி வைத்து வேரோடு எடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். எடுத்துவிடலாமா?

ஒரு வாசகர், திருக்கோவிலூர் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா சொன்னது உண்மை. பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்னும் செங்கரும்பு தடித்த, சாறு மிகுந்த, நார் குறைந்த பழைய சாதியின் வழியில் வந்தது. ஆலைக்கரும்பில் வேறொரு ரத்தம் கலந்திருக்கிறது. உங்கள் ஈற்றைக் கிழிக்கும் நார் அங்கிருந்து வந்தது. எங்கிருந்து என்றால், உங்கள் அண்ணன் பிடுங்கி எறியச் சொல்லும் அதே பேய்க்கரும்பிலிருந்து, கரும்பின் காட்டு உறவான அந்தப் புல்லிலிருந்து. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த ஒரே செடியில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கரும்பை நாம் கரணை, அதாவது கணுவோடு வெட்டிய தண்டுத் துண்டு, வைத்துத்தான் நடுகிறோம். கரணையில் முளைப்பது தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். ஒரு ஊர் முழுவதும் நின்றாலும் அது ஒரே செடிதான். அந்த ஒரு செடிக்குத் தாங்க முடியாத நோய் வந்தால் ஊரே போகும். 1880களில் ஜாவாவில் அதுதான் நடந்தது. கரும்பு வளராமல் குட்டையாகி, எலுமிச்சைப்புல் புதர்போல நின்றது. எலுமிச்சைப்புல்லுக்கு அந்த ஊரில் செரே என்று பெயர். நோய்க்கும் அதையே வைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் ஜாவாவிலும் பார்படாஸிலும் கரும்புப் பூவில் முளைக்கக்கூடிய விதை உண்டு என்பது உறுதியாக நிறுவப்பட்டது. பல ஆயிரம் ஆண்டுகள் பயிரிட்ட செடியின் விதையை மனிதன் அவ்வளவு தாமதமாகத்தான் கண்டுகொண்டான். உழவனுக்குப் பூத்த கரும்பு இழப்பு. தண்டு நெட்டி விட்டுவிடும். அதனால் அந்தப் பூவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

விதை கிடைத்ததும் கதை மாறியது. கரும்பு விதையில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் தனி ஆள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஆயிரக்கணக்கில் முளைக்கவைத்துத் தேடலாம். ஜாவாக்காரர்களுக்குச் செரே தாக்காத கரும்பு ஒன்று மலையடிவாரத்தில் கிடைத்தது. கசூர் என்று பெயர். மெலிந்த கரும்பு, இனிப்புக் குறைவு. தோட்டத்துக் கரும்பும் காட்டுப் பேய்க்கரும்பும் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை அது என்பது பின்னால் தெரியவந்தது. அதை மீண்டும் மீண்டும் தடித்த கரும்போடு சேர்த்து யெஸ்வீட் என்ற டச்சு அறிஞர் 1921-இல் செய்த கலப்பில் பிறந்ததுதான் பிஓஜே 2878. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாவாவின் பெரும்பகுதி நிலத்தை அதுவே பிடித்துக்கொண்டது. டச்சுக்காரர்கள் தடித்த கரும்பை உயர்குடிக் கரும்பு என்றும், இந்த முறையை உயர்குடியாக்கம் என்றும் அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நோயில் செத்துக்கொண்டிருந்தது உயர்குடி. உயிர் கொடுத்தது காட்டுப்புல்.

இனி நம் ஊர். அக்காலத்தில் இந்தியச் சந்தையை நிரப்பியது ஜாவாச் சர்க்கரை. பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும் விளைந்தவை சுண்டுவிரல் பருமனுள்ள மெல்லிய கரும்புகள். தெற்கின் தடித்த கரும்பை அங்கே கொண்டுபோனால் குளிரிலும் வறட்சியிலும் நிற்கவில்லை. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வடக்கின் கரும்புக்கு எதற்குத் தெற்கில் நிலையம்? வடக்கில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோயம்புத்தூரில் பூக்கும், விதையும் பிடிக்கும். சார்லஸ் பார்பரும் அவருடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும், வெள்ளை என்று நம்மவர் அழைத்த தடித்த கரும்பையும் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேய்க்கரும்பையும் கலந்தார்கள். அதில் பிறந்தது கோ 205. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்த கத்தா போன்ற நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1918. பஞ்சாப் வயலில் அப்போது யூரியா இல்லை. மின் மோட்டார் இல்லை. அதே மண், அதே எரு, அதே கிணற்று நீர். மாறியது கரணை மட்டும். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. 1950-51-இல் இந்தியாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 33 டன். இன்று 80 டன் அளவில் இருக்கிறது. இந்த ஏற்றத்தில் உரத்துக்கும் நீருக்கும் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போட்ட உரத்தை எடுத்துக்கொண்டு, சாயாமல் நின்று, வெட்டிய பிறகும் மறுதாம்பில், அதாவது அடிக்கட்டையிலிருந்து வரும் அடுத்த பயிரில், தழைக்கிற உடம்பு வேண்டுமே. அந்த உடம்பு கலப்பில் வந்தது.

கலப்பின் உள்ளே ஓர் அதிசயமும் இருக்கிறது. தாயும் தந்தையும் தம் குரோமோசோம்களில், அதாவது குணங்களைச் சுமக்கும் மரபு இழைகளில், பாதிப் பாதியைப் பிள்ளைக்குத் தருவதுதான் இயற்கையின் வழக்கம். தடித்த கரும்பு தாயாகவும் பேய்க்கரும்பு தந்தையாகவும் அமைந்தால், தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்பு தன் 64-இல் பாதியான 32-ஐத் தருகிறது. பிள்ளைக்கு 112. இனிப்பின் பங்கு கூடுதலாகச் சேர்வதால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் சர்க்கரை மீண்டு வந்துவிடுகிறது. இன்றைய ரகங்களில் பேய்க்கரும்பின் பங்கு பத்தில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். இனிப்பை நாம் தொலைக்கவில்லை, நண்பரே. மென்மையைத்தான் கொடுத்தோம்.

இங்கே ஜானகி அம்மாளை நினைக்காமல் தாண்ட மனம் வரவில்லை. தலச்சேரியில் பிறந்து, 1930களில் கோயம்புத்தூர் நிலையத்தில் இந்தக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தவர். ஒரு பெண் விஞ்ஞானி அந்நாளில் தனித்து நிற்பது எளிதாக இருந்திருக்காது. இன்று உலகின் இரண்டு பெரும் கரும்பு ரகச் சேமிப்புகளில் ஒன்று, அவர் பிறந்த ஊருக்கு அருகே கண்ணூரில் இருக்கிறது. மற்றது அமெரிக்காவின் மயாமியில்.

பிறகு ஜாவாவின் வழியும் நம் வழியும் ஒன்று சேர்ந்தன. பிஓஜே 2878-ஐயும் கோ 290-ஐயும் கலந்ததில் கோ 419 வந்தது. தென்னிந்தியா முழுவதும் பல ஆண்டுகள் அதுதான் கரும்பு. கோயம்புத்தூரில் கலந்த விதை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போய், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, என்கோ 310 என்ற பெயரில் தைவான் வரை பரவியது.

உங்கள் வயலில் நிற்பது பெரும்பாலும் கோ 86032 ஆக இருக்கும். வறட்சி தாங்கும், மறுதாம்பு நன்றாக வரும் என்பதால் நம் உழவர்கள் அதைக் கைவிடவில்லை. அதன் தந்தை கடலூரில் உருவான கோக 671. சர்க்கரைக் கட்டுமானத்தில், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவில், அதற்கு இணை இல்லாதிருந்தது. தண்டை உள்ளே சிவந்து அழுகவைக்கும் செவ்வழுகல் நோய் வந்து அதைச் சாய்த்தது. அந்தக் கோக 671-இன் தந்தை கோ 775. வடக்கே 2009-இல் வெளியிடப்பட்ட கோ 0238-க்கும் தந்தை அதே கோ 775தான். கோ 0238 உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பரவி, ஆலைகளையும் உழவர்களையும் வாழவைத்தது. இப்போது அதையும் செவ்வழுகல் தின்கிறது. ஒரே கரணை, ஒரே நோய். ஜாவா படித்த பாடத்தை நாம் திரும்பவும் படிக்கிறோம். எனக்கு இது பெரும் கவலை. ஆராய்ச்சியாளர்கள் மீது எனக்குக் குறை உண்டென்றால் இங்கேதான்: விளைச்சல் தரும் ஒரு ரகம் கிடைத்ததும் ஆலையும் அரசும் சேர்ந்து அதையே ஊரெல்லாம் நட வைக்கும்போது, அவர்கள் இன்னும் உரக்கத் தடுத்திருக்க வேண்டும்.

அடுத்த ரகத்துக்கு நோய் தாங்கும் குணம் எங்கிருந்து வரும்? தங்களுக்குள் உறவாகிவிட்ட வயல் கரும்புகளிடம் புதிதாக அதிகம் இல்லை. ஆற்றோரம், வாய்க்கால் கரை, மலைச்சரிவு என்று எங்கெங்கோ நிற்கும் பேய்க்கரும்புகளிடம் இருக்கிறது. ஓரிடத்துப் பேய்க்கரும்பு போல இன்னோர் இடத்தது இருப்பதில்லை. குரோமோசோம் எண்ணிக்கையே 40 முதல் 128 வரை மாறுகிறது. ஆராய்ச்சியாளர்கள் காடு மேடெல்லாம் அலைந்து அவற்றைச் சேகரிப்பது அதற்காகத்தான். பட்டினத்தார் கையில் ஏந்தித் திரிந்ததும் பேய்க்கரும்பைத்தான். அதன் நுனி இனித்த இடம் திருவொற்றியூர் என்பது நம் மரபு. அந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டபோது அற்புதம் என்று நினைத்தேன். இன்று கரும்பு வயலைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி. வயலுக்குள் பேய்க்கரும்பு வேரோடி வந்தால் தயங்காமல் தோண்டி எடுங்கள். கிழங்குபோல ஓடும் அதன் தண்டு ஒரு துண்டு தங்கினாலும் திரும்ப முளைக்கும். கரையில் நிற்பதை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் கரை அரிக்காமல் மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். ஜேசிபி கரையைக் கிளறினால் அடுத்த வெள்ளத்தில் வாய்க்காலே உங்கள் வயலுக்குள் வந்துவிடும். அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். குரோமோசோம் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.