எட்டுப் பேர், ஒரு வேன், ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

மதுரையில் 31 ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிறு குழுக்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த மாதம் அவருடைய பதில்கள்.

டீச்சரம்மாவுக்கு வணக்கம். மகன் மெக்சிகோவில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் அவங்க அப்பாவும் போகிறோம். வஹாக்கா என்ற ஊரைச் சுற்றி, சின்னக் குழுவாகக் கிராமங்களைக் காட்டும் ஒருநாள் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறானாம். நாங்கள் சைவம். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. போகலாமா?
– வாசகி, அண்ணாநகர், மதுரை

தாராளமாகப் போய்விட்டு வாங்கம்மா. மகள் பிரசவத்துக்காக மெக்சிகோ சிட்டியில் இருந்தபோது, பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் நான் வஹாக்கா போய் இதே மாதிரி ஒரு வேனில் ஏறினேன். ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர். திரும்பி வந்த பிறகுதான் மதுரையில் நான் கூட்டிப்போகும் முறையையே மாற்றினேன்.

மகனிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். த்லாகோலூலா என்ற ஊரில் அன்றுதான் வாரச்சந்தை. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கூடை கூடையாக வந்து இறங்குவார்கள். நம் ஊர்ச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் காய் கூறு கட்டி வைப்பார்களே, அதே கூறு அங்கேயும். அங்கே ‘தெஹாத்தே’ என்று ஒரு பானம் கேட்டுக் குடியுங்கள். சாம்பல் கலந்த தண்ணீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து அரைத்து, கொக்கோ விதையும் மாமேய் என்ற பழத்தின் கொட்டையும் ஒரு மணப்பூவும் சேர்த்துப் பெரிய மண் தொட்டியில் கையாலேயே பிசைந்து நீர் ஊற்றுகிறார்கள். மேலே வெள்ளையாக நுரை கட்டி நிற்கும். குடுக்கையில் ஊற்றித் தந்தார்கள். எனக்கு எங்கள் அம்மாச்சி கம்மங்கூழ் கரைத்த சட்டி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. முழுச் சைவம், பயமில்லாமல் குடிக்கலாம்.

மற்ற இடங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். பீன்ஸ் மசியல், தமால் என்கிற இலைக் கொழுக்கட்டை, த்லாயூதா என்கிற அகலமான ரொட்டி, எல்லாவற்றிலும் பன்றிக் கொழுப்பு சேர்வது வழக்கம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ‘சின் கார்னே, சின் மன்தேகா, சின் கால்தோ தெ போயோ’ என்று ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கறி வேண்டாம், கொழுப்பு வேண்டாம், கோழிச்சாறு வேண்டாம் என்று அர்த்தம். பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த ரொட்டி கேளுங்கள். சப்பாத்திக்கள்ளி மடலை முள் நீக்கிச் சுட்டுத் தருவார்கள், அதையும் விடாதீர்கள். வெண்டைக்காய் மாதிரிக் கொழகொழப்பு.

அந்தக் கள்ளியைத் தியோதித்லான் என்ற நெசவு ஊரில் இன்னொரு விதமாகப் பார்ப்பீர்கள். மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போலப் பூச்சி இருக்கும். அந்த வீட்டுத் தறிக்கார அம்மா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை குங்குமமாகச் சிவந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் ஆரஞ்சுப் பக்கம் போயிற்று. சுண்ணாம்பைத் தொட்டதும் ஊதா. ஒரு காலத்தில் ஐரோப்பிய அரசர்களின் உடைக்கெல்லாம் சாயம் கொடுத்த பூச்சி அது. முப்பது வருடம் அமிலம், காரம் என்று கரும்பலகையில் எழுதியவள் நான். என் கையிலேயே அது நடந்தது அன்றைக்குத்தான்.

தூலே என்ற ஊரில் கோயில் முற்றத்து மரம் ஒன்று காட்டுவார்கள். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 42 மீட்டர். விழுது இறக்கிப் பரவிய மரமல்ல, ஒற்றை மரம். மித்லாவில் சபோதெக் மக்கள் கட்டிய மண்டபங்கள் இருக்கின்றன. சாந்து இல்லாமல் சின்னச் சின்னக் கல்லாகச் செதுக்கிப் பொருத்திய சுவர்கள், நம் வாசல் கோலம் எழுந்து நிற்கிற மாதிரி. அதை ஒட்டிய மலைப்பக்கம் கிலா நாகிட்ஸ் என்று ஒரு குகை. சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய பூசணி விதையும், 6,000 ஆண்டுக்கு மேற்பட்ட மக்காச்சோளக் கதிரும் அதற்குள் கிடைத்தன. அந்த வட்டாரத்துக் குகைகளை யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூசணி விதைக்காக ஒரு குகையைக் கொண்டாடுகிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முழங்கால் விஷயம்: வஹாக்கா ஏற்காடு உயரத்தில் இருக்கிறது, முதல் நாள் லேசாக மூச்சு வாங்கும். இயெர்வே எல் ஆகுவா என்ற இடத்தில் கல்லாக உறைந்த அருவி இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த ஊற்று நீர் வழிந்து வழிந்து பாறையாகிவிட்டது. நீங்கள் மேலே சுனைப்பக்கம் மட்டும் நின்று பாருங்கள். அடிவாரத்துக்கு இறங்கினால் ஏறி வரவேண்டும், அது உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் வண்டி ஓட்டும் தம்பியிடம் மறக்காமல் கேளுங்கள்: ‘தெகியோ’ என்றால் என்ன? ஊர்ப் பாதை, வாய்க்கால், பள்ளிக்கூடம் இவற்றுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கூலி வாங்காமல் வந்து உழைக்கும் முறை. எங்கள் ஓட்டுநர் தான் வாய்க்கால் வெட்டப் போனதைச் சொன்னபோது, நான் குடிமராமத்தைப் பற்றிச் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மடை, கலிங்கு எல்லாம் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது பேர் பஸ்ஸில் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

கொடுக்காப்புளி மெக்சிகோ மரம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். என் அப்பத்தா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ‘எங்க தோட்டத்து வேலியில எங்க பாட்டன் காலத்துல இருந்து நிக்குது’ என்கிறது. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், பேரையூர்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி. அப்பத்தாவின் பாட்டன் காலத்துக்கும் முன்பே அது நம் வேலிக்கு வந்துவிட்டது. மெக்சிகோவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும்தான் அதன் பிறப்பு. அங்கே குவாமூச்சில் என்று பெயர். சந்தையில் இதே சுருள் காயைக் கூறு வைத்து விற்கிறார்கள். 1565 முதல் 1815 வரை ஸ்பெயின்காரர்களின் கப்பல் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் போய்வந்தது. அந்த வழியாகத்தான் இது ஆசியாவுக்கு வந்தது. ஆங்கிலத்திலும் இதற்கு மணிலாப் புளி என்றே பெயர்.

அப்பத்தா கோபப்படாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் நிலச்சம்பங்கி மெக்சிகோவின் பூ. மாலைக்குக் கட்டும் துலுக்கச் சாமந்தியும் அப்படியே. அங்கே இறந்தவர்களுக்குப் படையல் போடும் நாளில் வாசலிலிருந்து படம் வைத்த இடம்வரை இந்தப் பூவை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள். சப்போட்டா பழம் மட்டுமல்ல, அந்தச் சொல்லே மெக்சிகோவின் நாவாட் மொழியிலிருந்து ஸ்பானிய வாய் வழியாக நம் தள்ளுவண்டிக்கு வந்தது. மிளகாய் வந்தபோது நாம் கையிலிருந்த மிளகை வைத்தே அதற்குப் பெயர் கட்டினோம்.

தக்காளிதான் எனக்கு மிகப் பிடித்த கதை. பள்ளிவிட்டு வரும்போது உறையைக் கிள்ளி நெற்றியில் அடித்து உடைப்போமே, சொடக்குத் தக்காளி. அதுவும் மணத்தக்காளியும் நம்மிடம் முன்பே இருந்தவை. சிவப்புத் தக்காளி கடல் தாண்டி வந்ததும் அதே பெயரைக் கொடுத்து, சீமைத் தக்காளி என்று கொஞ்ச காலம் அழைத்தோம். மெக்சிகோவிலும் இதே கணக்குதான். சொடக்குத் தக்காளியின் அக்காள் மாதிரி உறை போட்ட பச்சைக் காய் ஒன்று அங்கே இருக்கிறது. நடு மெக்சிகோவில் ‘தொமாத்தே’ என்றாலே அந்தப் பச்சைக் காய்தான். சிவப்புக்கு ‘ஹித்தொமாத்தே’ என்று தனிப்பெயர். கடலின் இரண்டு கரையிலும் உறை போட்ட காய்க்குத்தான் முதல் மரியாதை.

கைமாறாக நம் குழம்புப் புளியும் அங்கே போயிருக்கிறது என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். தெருவுக்குத் தெரு புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டு விற்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் 40 பேர் இருக்கிறோம். ஒரே நாளில் எல்லோரையும் அழைத்துப் போக முடியுமா? இரட்டிப்புக் கட்டணம் தரத் தயார்.
– வாசகர், எல்லீஸ் நகர்

முடியாது ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆரம்பத்தில் நானும் பெரிய பஸ்ஸில் 42 பேரைச் சமணர் மலை இருக்கிற கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனவள்தான். செட்டிப்புடவு என்ற குகையில் மகாவீரர் சிற்பத்தின் முன்னால் முதல் பத்துப் பேருக்கு மேல் யாருக்கும் என் குரல் எட்டவில்லை. பின்னால் நின்றவர்கள் போனைப் பார்த்தார்கள். மலைமேல் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறாமலேயே பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மதியம் காகிதத் தட்டு காற்றில் பறந்து தாமரைக் குளத்தில் விழுந்தது. முட்டுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நான்தான் பொறுக்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிச் சமைத்த அக்கா சாயங்காலம் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “யாரு சாப்பிட்டாங்கன்னே தெரியல டீச்சர். தட்டுதான் தெரிஞ்சது.”

அன்றோடு பஸ்ஸை விட்டேன். வஹாக்கா வேனில் போய்வந்த பிறகு எட்டுப் பேர்தான். சமைக்கிற அக்காவும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். ஐந்து ஞாயிறு ஒதுக்குங்கள், உங்கள் 40 பேரும் வந்துவிடலாம். கட்டணம் வழக்கம்போலத்தான்.

மதுரையில் பிறந்து வளர்ந்தும் மீனாட்சி கோயில், மகால், ஜிகர்தண்டா தாண்டி எதுவும் பார்த்ததில்லை. உங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும்?
– வாசகி, புதூர்

காலை ஐந்தே முக்காலுக்கு ஒத்தக்கடையில் ஏறிக்கொள்ளுங்கள் தாயி. வெயில் ஏறுமுன் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, இராசாளிப் பருந்து எல்லாம் பாறை இடுக்கில் கூடு வைக்கும். நான் பேசுவதை அங்கே நிறுத்திவிடுவேன். ஊர்த் தம்பி ஒருவர் தொலைநோக்கியோடு வருவார், அவர் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது.

மலையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. நெல்வேலிச் சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைக் கொடுப்பித்தான் என்ற செய்தி. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லுவேன். அரைமணி நேரமாகும். பரவாயில்லை. அந்தப்பக்கம் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பம், தமிழகத்தில் அரிதாகப் பார்க்கக் கிடைப்பது. இறங்கி வந்து கேப்பைக்கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய்.

மதியச் சாப்பாடு ஊருக்குள் ஒரு வீட்டில். களி, சோறு, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, சைவக்காரர்களுக்குத் தட்டைப்பயறுக் குழம்பு. இந்த அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அப்போது பெரியாறு கால்வாய்க் கதை வரும். 1895இல் முல்லைப்பெரியாறு அணை திறந்து, மேற்கே ஓடின தண்ணீரை மலைக்குள் துளைத்து இந்தப்பக்கம் திருப்பி, மேலூர் வரைக்கும் நெல் விளைந்த கதை. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட வாய்க்கால் கரையில் நிற்கும் ஒரு பெரியவர் சொல்லிக் கேட்கணும்.

வெயில் தாழ்ந்ததும் கிடாரிப்பட்டி. அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் சமணத் துறவிகளுக்குக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் அரசர்கள் அல்ல, வணிகர்கள். மதுரைப் பொன்கொல்லன், உப்பு வணிகன், பாணித வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன். பாணிதம் என்றால் கருப்பஞ்சாற்றுப் பாகு, அறுவை என்றால் துணி, கொழு என்றால் ஏர் முனை இரும்பு. ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல் உப்பும் ஒரு துண்டு வெல்லமும் வைப்பேன். நாக்கில் அந்த ருசி இருக்கும்போதே மேலே போய் உப்பு வணிகன் பெயரைப் படிக்க வேண்டும். போன மாதம் வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்த எழுத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

திரும்பும் வழியில் அழகர்கோவில் தோசை. கருப்பு உளுந்தும் நெய்யும் மணக்கும், தடியாக இருக்கும். ஒன்றுக்கு மேல் முடியாது.

அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றார்களே, இப்போது என்ன நிலை?
– வாசகர், திருமங்கலம்

ரத்து. ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. ஊர் ஊராகக் கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மதுரைக்கே நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. எங்களுக்குக் களி கிண்டித் தரும் அக்காவும் அந்த நடையில் வந்தவர்.

மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டினால் உடைந்து போகிறது. மெக்சிகோக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்?
– வாசகி, சோழவந்தான்

வெற்றிலை ஊர்க்காரருக்குச் சுண்ணாம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரகசியம் அதுதான். காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பத்து கிராம் சுத்தமான வெற்றிலைச் சுண்ணாம்பு. முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே ஊறப்போடுங்கள். காலையில் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். நான்கைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவிவிட்டு ஈரமாகவே அரையுங்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவுக்குப் பசை வரும். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த முறை தெரியாமல் சோளத்தை மட்டும் வாங்கிப்போன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்தது.

கோழித்தீவனக் கடையில் சோளம் வாங்காதீர்கள், மருந்து அடித்திருக்கும். ஸ்வீட் கார்னும் ஆகாது. பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் தெரிந்த விவசாயியிடம் கேட்டு வாங்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் தண்ணீர் கூடிவிடுகிறது, கிரைண்டர் பரவாயில்லை, அம்மி இருந்தால் அதுதான் சரி. அரைத்த மாவை உருட்டி உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கையில் ஒட்டினால் அரைமணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.