ஆலமரத்தடியில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் மேலூர் பக்கம். கண்மாய்க் கரை ஆலமரத்தில் தலைமுறைகளாக வௌவால்கள் தொங்குகின்றன. அய்யனார் கோயில் மரம் என்பதால் தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை. போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழுந்த எச்சத்தைக் குப்பிகளில் எடுத்துப் போனார்கள். குடல் பாக்டீரியா ஆராய்ச்சியாம். அதிலிருந்து "நிபா இருக்காம், மரத்தை வெட்டணும்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. எச்சத்தில் என்னதான் பார்க்கிறார்கள்?

செல்வி

அன்புள்ள செல்வி,

நிபா ஒரு வைரஸ். அந்தப் பிள்ளைகள் தேடுவது வௌவாலின் குடலில் இயல்பாகக் குடியிருக்கும் பாக்டீரியாவை. நம் வயிற்றிலும் அப்படிக் கோடிக்கணக்கில் உண்டு. குப்பியில் எடுத்துப் போனார்கள் என்பதால் மரத்தில் நோய் இருப்பதாக அர்த்தமில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபின் எழுந்த பயம் புரிகிறது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது, கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடக் கூடாது. இந்தக் கவனம் எப்போதும் வேண்டும். மரத்தை வெட்டினால் கூட்டம் கலைந்து நாலு தோப்புக்குப் போகும், அவ்வளவுதான்.

சரி, எச்சத்துக்கு வருவோம். பறக்கிற உயிருக்கு வயிற்றுப் பாரம் ஆகாது. அதே அளவுள்ள மற்ற பாலூட்டிகளைவிட வௌவாலுக்குக் குடல் குட்டை. பழத்தை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பிவிடும். உள்ளே போனதும் சீக்கிரமே வெளியே வந்துவிடும். இப்படி ஓடுகிற குடலில் எந்தப் பாக்டீரியா தங்கும்? பொதுவாகப் பாலூட்டிகளில் நெருங்கிய இனங்களுக்குக் குடல் பாக்டீரியாவும் ஒத்திருக்கும். வௌவாலில் அந்தச் சொந்தம் பலவீனம். சுமார் 900 முதுகெலும்பி இனங்களை ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வில், வௌவால்களின் குடல் பாக்டீரியா பறவைகளுடையதோடு ஒத்துப்போனது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிக்குப் பறவையின் வயிறு! பறப்பதோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தீனி மாறினால் பாக்டீரியாவும் மாறும். கூண்டில் அடைத்து நாம் போடுவதைத் தின்ற வௌவாலை வைத்துக் காட்டு வௌவாலைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் மரத்தடிக்கே வருகிறார்கள். மண்ணில் உள்ளது கலந்துவிடாமல் இருக்கத்தான் அந்த விரிப்பு. எச்சத்தை உடனே ஆல்கஹாலில் போடுவார்கள், அல்லது உறைய வைப்பார்கள். பல பாக்டீரியாக்கள் ஆய்வகத் தட்டில் வளராது. ஆகவே டிஎன்ஏவைப் படித்துத்தான் எது எது என்று பிரிப்பார்கள்.

மதுரைக்கு வௌவால் ஆராய்ச்சி புதிதல்ல. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் பக்கத்துக் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பகல் வெளிச்சமே எட்டாத இருட்டில் அடைத்துவைத்த வௌவால், போய்வரும் கூட்டத்தை வைத்தே நேரம் அறிந்ததைக் காட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் மறுபடி வந்தால் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார வையுங்கள். எந்த மாதம் மரத்தடியில் இலுப்பைக் கொட்டை கிடக்கும், எப்போது அத்தி, எப்போது கூட்டம் குறையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குப்பியில் இருப்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கு அவசியம். கண்டுபிடித்ததை ஊரில் வந்து சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.