சின்னத்திரையில் டாரட் சீட்டுகள்: கேள்வி பதில்

டாரட் என்பது குறி சொல்லப் பயன்படும் படச் சீட்டுக்கட்டு. ஆங்கிலத் தொடர்களில் வரும் டாரட் காட்சிகள் குறித்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகப் பழைய சீட்டுக்கட்டுகளைச் சேகரித்துவரும் நம் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவி): எந்தத் தொடரைப் பார்த்தாலும் மரணச் சீட்டுதான் வந்து விழுகிறது. உண்மையிலும் அப்படித்தானா?

பதில்: டாரட் சீட்டுக்கட்டில் இருப்பவை 78 சீட்டுகள். பத்துச் சீட்டுகளை விரித்தால் அதில் மரணம் இடம்பெறும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான். தொடர்களில் மட்டும் அது தவறாமல் ஆஜராகிவிடுகிறது. 1909இல் லண்டனில் வெளியாகி இன்றும் பெரிதும் புழங்கும் சீட்டுக்கட்டில், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தச் சீட்டை நிதானமாகப் பாருங்கள். வெள்ளைக் குதிரையில் கவசமணிந்த எலும்புக்கூடு வருகிறது. அரசன் கீழே கிடக்கிறான். ஆனால் ஒரு குழந்தை அஞ்சாமல் நிமிர்ந்து பார்க்கிறது, பின்னணியில் இரு கோபுரங்களுக்கு இடையே சூரியனும் தெரிகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்றே சீட்டுப் பார்ப்பவர்கள் இதற்குப் பொருள் சொல்வார்கள். கேமராவோ மண்டையோட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும், சூரியன் வரைக்கும் போகாது. இந்தத் தேய்ந்த உத்தியை 1995இலேயே 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் கிண்டலடித்துவிட்டது: மரணச் சீட்டைக் கண்டு பதறும் லிசா என்ற பெண்ணை, அது மாற்றத்தைக் குறிப்பது என்று குறி சொல்பவள் தேற்றுகிறாள், அடுத்து 'மகிழ்ச்சியான அணில்' வந்ததும் அவளே அலறுகிறாள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர்): சீட்டுப் பார்ப்பவர் ஏன் எப்போதும் தலையில் துணி கட்டிய நாடோடிப் பெண்ணாகவே இருக்கிறார்?

பதில்: பழைய கட்டுக்கதை ஒன்றின் மிச்சம் அது. டாரட் 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகப் பிறந்தது. அது எகிப்திலிருந்து வந்த ஞானம் என்று 1781இல் பிரான்சில் கூர் டி ஜெப்லான் என்ற அறிஞர் எழுதினார். பிறகு ஐரோப்பாவில் நாடோடிகளாக அறியப்பட்ட ரோமா மக்களையும் அந்தக் கதையில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் டாரட் பார்த்துக் குறி சொல்வதைத் தொழிலாகவே செய்த முதல் ஆள் என்று அறியப்படும் எத்தெய்யா பாரிஸைச் சேர்ந்த ஓர் ஆண்.

கேள்வி: வரலாற்றுத் தொடர்களில் காட்டும் கட்டு சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எண் சீட்டுகளைக் கவனியுங்கள். பழைய கட்டுகளில் பெரும்பாலும் ஐந்து கோப்பைகள் என்றால் ஐந்து கோப்பைகளின் படம் மட்டுமே இருக்கும். கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர், கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளை நோக்கித் தலைகுனிந்து நிற்பதைக் கண்டால், அது ஸ்மித்தின் ஓவியம். கதை 1909க்கு முந்தைய விக்டோரியா மகாராணி காலத்தில் நடந்தால், கலை இயக்குநர் கடையில் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டார் என்று பொருள். 1930களில் நடக்கும் 'கார்னிவால்' தொடருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கேள்வி: உங்களுக்கு மனநிறைவு தந்த காட்சி எது?

பதில்: தயங்காமல் 'மேட் மென்' தொடரின் இரண்டாம் பருவத்தைச் சொல்வேன். பிறருடைய பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கும் டான் டிரேப்பருக்கு, அந்தப் பெயருக்குரியவரின் மனைவியான ஆனா சீட்டு விரிக்கிறாள். மாலைக்கு நடுவே ஒரு பெண் நடனமாடும் 'உலகம்' சீட்டைக் காட்டி, இவள் யார் என்று அவன் கேட்கிறான். உலகத்தின் ஆன்மா என்று சொல்லும் ஆனா, தான் தனியன் என்ற அவனுடைய நம்பிக்கை ஒன்றே அவனது மகிழ்ச்சிக்குத் தடையாக இருக்கிறது என்கிறாள். சீட்டு இங்கே நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. ஊரையே ஏமாற்றி வாழும் ஒருவன், தன்னை முழுதாக அறிந்த ஒரே மனுஷியின் எதிரே உட்கார்ந்து கேட்பதற்கு அது ஒரு சாக்காக அமைகிறது.

கேள்வி (திரைக்கதை எழுதப் பழகுபவர்): சீட்டின் குறி அப்படியே பலித்தால் கதை சப்பென்று ஆகிவிடாதா?

பதில்: 2024இல் வந்த 'அகாதா ஆல் அலாங்' தொடரின் ஏழாம் அத்தியாயம் இதற்கு நல்ல விடை. பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்த்துவிடலாம். கூரையில் வாள்கள் தொங்கும் அறையில், பேட்டி லுபோன் நடித்த லிலியா என்ற சூனியக்காரி சீட்டு விரிக்க வேண்டும். தவறினால் வாள்கள் விழும். பிறருக்குப் பார்ப்பதை விட்டு அவள் தனக்கே பார்க்கத் தொடங்கியதும், ஒவ்வொரு சீட்டும் அவள் வாழ்வின் ஒரு துண்டாகிறது. தலைகீழாக விழுந்த 'கோபுரம்' சீட்டை அவள் குறியாக மட்டும் படிக்கவில்லை. தோழிகள் தப்பியபின் அந்தச் சீட்டைத் திருப்பி வைத்து, அறையையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறாள். கடைசிச் சீட்டு மரணம்தான். ஆனால் அது அவள் தெரிந்தே தேர்ந்தெடுத்தது.