நிலைவாரியாகப் பிரித்தும் வாசிப்பு ஏறவில்லை – பதில்

குழு பிரித்ததில் தப்பில்லை டீச்சர், தனி நேரம் ஒதுக்காததுதான் பெரும்பாலும் கோளாறு. குளச்சல் பள்ளியில் நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி உட்கார வைத்து மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லை என்கிறீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் இந்த முறை ஹரியானா அரசுப் பள்ளிகளில் பலித்தது, தினமும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பு பார்க்காமல் பிள்ளைகளைக் கலந்து, மேற்பார்வையும் வைத்தபோது. பாடத்தை முடிக்கும் அவசரத்துக்கு நடுவில் செருகினால் கரைந்துபோகும்.

முன்னேற்றம் உண்டா என்று அறிய, பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, பார்த்திராத நாலு வரிப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். பழகின பாடம் வேண்டாம். என் வகுப்பில் ஒருத்தி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே சரளமாக 'வாசித்தாள்'! ஆறு வாரம் கழித்து அதே பிள்ளைகளுக்கு வேறு பத்தி.

அப்புறம், பங்குத் திருவிழா வாரத்தில் சோதிக்காதீர்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள், கணக்கு தப்பும்.