கியூபெக்கில பிரெஞ்சு எப்பிடித் தப்பினது: கேளுங்கோ, சொல்லுறன்

கனடாவில பிரெஞ்சு பேசுற மாகாணம் கியூபெக். அங்க மொன்றியல் நகரத்துக்கு நான் வந்து இருபது வருஷத்துக்கு மேல. மொழிச் சட்டம் பற்றிக் கேளுங்கோ. பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை), விசா பற்றிக் கேள்வி வேண்டாம், நான் வக்கீல் இல்ல.

சுத்தி முழுக்க இங்கிலீஷ், நடுவுல பிரெஞ்சு எப்படிண்ணா தாக்குப்பிடிச்சுது?

1960 வரைக்கும் சர்ச்சும் பெரிய குடும்பங்களும்தான், வீடு நிறையப் பிள்ளையள். பிறகு பிறப்பு விழுந்திட்டுது, வந்திறங்கின இத்தாலியர், கிரேக்கர் எல்லாம் பிள்ளையளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சினம், அங்கதான் பயம் பிடிச்சது. 1977ல பிரெஞ்சைக் காக்க வந்தது 101ஆம் சட்டம். கொண்டுவந்த அமைச்சர் கமில் லோரான் ஒரு மனநல டாக்டர். இப்ப தாயோ தகப்பனோ கனடாவில இங்கிலீஷில ஆரம்பப் பள்ளி படிச்சிருந்தாத்தான் பொதுவா பிள்ளைக்கு அரசாங்க இங்கிலீஷ் பள்ளி. நான் படிச்சது யாழ்ப்பாணத்தில, அப்ப என்ர மகள் பிரெஞ்சுப் பள்ளி. ஹெய்ட்டிப் பிள்ளையோடயும் பஞ்சாபிப் பிள்ளையோடயும் பஸ்ஸில சீட்டுக்கு அடிபடுறதும் பிரெஞ்சிலதான். மொழியைக் காப்பாத்தினது உந்தச் சண்டைதான் எண்டு நான் சொல்லுவன்.

பிரெஞ்சு படிச்சா பிஆர் ஈசியா?

மேல பாருங்கோ.

ஆப்ல படிச்சா போதுமா?

பாரிஸ் பிரெஞ்சை நம்பி வராதேங்கோ. அங்க "வீக்கெண்ட்", இஞ்ச "ஃபன் து செமென்". பிரான்சில தெருப்பலகை "ஸ்டாப்" எண்டும், இஞ்ச "அரே" எண்டும் இருக்கும். கேஎஃப்சி கூட இஞ்ச பிஎஃப்கே. இவையள் திட்டுறதே சர்ச் சாமான் பேர் சொல்லித்தான், "தபர்னாக்" எண்டு காதில விழுந்தா ஒதுங்கிடுங்கோ.

கடை போர்டுல என்ன மொழின்னு அரசாங்கம் சொல்றது அராஜகம் இல்லையா?

பிரெஞ்சு மட்டும்தான் எண்டதை 1988ல உச்ச நீதிமன்றமே செல்லாது எண்டது. 1993ல இருந்து மற்ற மொழியும் வரலாம், பிரெஞ்சு பெரிசாத் தெரியவேணும். 2013ல ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடை மெனுவில "பாஸ்டா" எண்டு பிரெஞ்சில்லாத சொல் இருக்கெண்டு அரசாங்க மொழி அலுவலகம் கடிதம் போட்டு, ஊரே சிரிச்சு, அலுவலகத் தலைவி பதவியை விட்டவா. அது கூத்துத்தான்.

அப்ப தப்புன்னு ஒத்துக்கிறீங்க?

கூத்து எண்டன், தப்பு எண்டேல்ல. பக்கத்து இங்கிலீஷ் மாகாணம் ஒண்டாரியோவில 1912ல முதல் ரெண்டு வகுப்புக்கு மேல பிரெஞ்சில படிப்பிக்க ஏலாது எண்டு விதி போட்டவை. அதை எதிர்த்து 1916ல அங்க ஒட்டாவாவில ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தை அம்மாமார் தொப்பி ஊசியோட நிண்டு காவல் காத்தவை. உதையும் அராஜகம் எண்டு சொல்லுங்கோவன், பிறகு கதைப்பம்.

பிஆர்க்கு எந்த லெவல்...

ஐயோ.

அண்ணே, இவ்வளவு சொல்றீங்க, உங்க பொண்ணு தமிழ் எழுதுமா?

கதைப்பாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எழுதமாட்டாள். அடுத்த கேள்வி.