ஒரு துணைக்கால் வித்தியாசம்

கேள்வி: எங்கள் ஊரில் அடிதடி வழக்கில் பிடிபட்டவன் அன்று மாலையே ஜமீனில் வந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். கஞ்சா மூட்டைகளோடு படகில் பிடிபட்ட இன்னொருவனுக்கு நாலு மாதமாக ஜமீன் இல்லை. கோர்ட் எந்தக் கணக்கில் ஜமீன் கொடுக்கிறது, எதற்காக மறுக்கிறது?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், தொண்டி)

பதில்: மூன்று இடத்திலும் 'ஜமீன்' என்றே எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடம் என்றால் கைத்தவறு. மூன்று இடம் என்றால் அது கொள்கை. எங்கள் பிழைதிருத்துபவர் சிவப்புப் பேனாவால் மூன்றுக்கும் துணைக்கால் போட்டிருந்தார். நான்தான் அடித்துவிட்டு, நீங்கள் எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்தேன். காரணம் இருக்கிறது.

ஜமீன் பாரசீகச் சொல், நிலம் என்று பொருள். ஜாமீன் அரபியிலிருந்து வந்தது, அடுத்தவனுக்காகப் பொறுப்பேற்பவன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழில்தான் ஒரு துணைக்கால் தூரத்தில் வந்து நிற்கின்றன. அந்தத் துணைக்காலின் அருமை நம் ராமநாதபுரத்துக்குத் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்கும் தெரியாது. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனிக்காரன் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டான். 1809-ல் சென்னைக் கோட்டையில் காவலிலேயே இறந்துபோனார். இடையில் 1803-ல் அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கு இதே சீமையை ஜமீனாக எழுதிக் கொடுத்தார்கள். சகோதரிக்கு ஜமீன் கிடைத்தது, சகோதரருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. ஜமீன்களை 1948-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் கேள்விக்குள் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

இதைப் படித்ததும் பரமக்குடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அஞ்சலட்டையை எடுப்பார். 'பிணை என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, அரபி எதற்கு, பாரசீகம் எதற்கு?' பல வருடமாக நடக்கும் சண்டை. பிணை என்றால் பெண்மான் என்றும் பொருள் உண்டு ஐயா, 'நீதிபதி பிணை வழங்கினார்' என்று போட்டால் வனத்துறை வந்துவிடும் என்று ஒருமுறை பதில் போட்டேன். அதிலிருந்து சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் இதழை எங்கேயோ வாங்கிப் படித்துவிட்டுத் திட்டுகிறார். ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பிணை என்றால் கட்டு. ஜாமீனில் வந்தவனுக்குக் கட்டு அவிழவில்லை, கயிறு கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் வழக்கிலேயே ஜெயித்துவிட்ட மாதிரி பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்து வெடி போடுகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர் மீது இருப்பது சாதாரண அடிதடி என்றால், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அங்கே ஜாமீன் சலுகை கிடையாது, உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுத்தாக வேண்டும். கஞ்சா கதை வேறு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு என்கிறது போதைப்பொருள் சட்டம். அப்போது அதன் 37-வது பிரிவு குறுக்கே படுத்துக்கொள்ளும்: இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே போய் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். விசாரணையே தொடங்காதபோது இதை எப்படிக் காட்டுவது என்று கேட்காதீர்கள், வக்கீல்களே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாள், தவறினால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். வணிக அளவு கஞ்சாவுக்கு அது 180 நாள். நாலு மாதம் என்கிறீர்கள், இன்னும் கெடு இருக்கிறது. கடல் அட்டை கடத்தி முன்பே தண்டனை வாங்கியவர் மறுபடி மாட்டினாலும் வனவுயிர்ச் சட்டத்தில் ஏறக்குறைய இதே பூட்டுதான்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழக்குகளில் நீதிபதி பார்ப்பது மூன்று: ஆள் ஓடிவிடுவானா, சாட்சியை மிரட்டுவானா, தடயத்தை அழிப்பானா. குற்றத்தின் கடுமையும் பழைய வழக்குகளும் கூடவே வரும். முதல் கேள்வியே காலைப் பற்றியது, கவனித்தீர்களா? ஜமீனுக்குக் கால் இல்லை, நிலம் ஓடாது. ஜாமீனுக்குக் கால் உண்டு, அதுதான் கோர்ட்டின் பயம். அதிலும் தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். படகு வைத்திருப்பவர் என்றாலே 'தப்பிவிடுவார்' என்று சொல்ல அரசு வக்கீலுக்கு வேறு ஆதாரம் தேவைப்படாது.

ஆனால் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் உங்கள் எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விட்டேன். இரண்டு நபர் ஜாமீன் என்பார்கள், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பார்கள். சொத்து மதிப்புச் சான்று, வீட்டு வரி ரசீது கேட்பார்கள். கடற்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவன் எதைக் காட்டுவான்? கடலுக்குப் பட்டா கிடையாது. ஜமீன் இருப்பவனுக்குத்தான் ஜாமீன். மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர், ஜாமீன்தாரர் வேண்டாம், 1,000 ரூபாய்க்கு அவரே எழுதித் தரும் சொந்தப் பத்திரம் போதும் என்று அவரை வெளியே விட்டார். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் (அதன் பெயரை எழுதினால் பிழைதிருத்துபவர் ராஜினாமா செய்வார்) ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாவிட்டால் அவரை ஏழை என்றே கொள்ளலாம் என்கிறது. ஏழையைச் சொந்தப் பத்திரத்தில் விட்டுவிட வேண்டும். இது தெரிந்து கேட்பவர் எத்தனை பேர்?

அப்புறம் அந்த 10.30 மணி. 'தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து' என்று நிபந்தனை போடுபவர்கள் ஒரு நாளாவது ராமேசுவரம் கரையில் வந்து நிற்க வேண்டும். டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற விசைப்படகு மறுநாள் காலையில்தான் திரும்பும். பாடு பார்த்தால் கையெழுத்து தவறும், கையெழுத்தைப் பார்த்தால் அடுப்பு எரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கைதாவதென்றால் அப்போது ஆவது வசதி. மற்ற மாதங்களில் நிபந்தனை தளர்வு மனு போடுங்கள், தயங்காமல் போடுங்கள். கடலுக்குப் போகிற நாட்களை எழுதிக் கேட்டால் நாளையோ நேரத்தையோ மாற்றிக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

கடைசியில், கேள்வியோடு ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் மேசைக்குக் கேள்வி மட்டும்தான் வந்தது. அலுவலகம் முழுக்க வாசனை அடிக்கிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிழைதிருத்துபவர் மட்டும் நேற்றிலிருந்து முன்ஜாமீனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.